பனி விழுந்தால் படி இல்லை

அத்தியாயம் 14

"சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் காத்திருப்பேன். அதுக்கு மேல வீடு மெல்போர்ன் பல் டாக்டருக்குப் போயிடும்" என்று போன வாரம் தரகன் ஃபெர்கஸ் கெடு வைத்தான் அல்லவா? அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. பல் டாக்டர் ஒருவர் நிஜமாகவே இருக்கிறாரா என்று எனக்கும் சந்தேகம்தான். வீட்டுத் தரகர்களிடம் எப்போதும் ஒரு பல் டாக்டர் இருப்பார்.

லினெட் ஆறு மணிக்கு எழுந்து தேநீர் போட்டாள். கணவன் கெல்வின் அதற்கு முன்பே எழுந்து, சவரம் செய்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். முப்பது வருடமாகக் கார் சக்கரத்துக்குச் சங்கிலி வாடகைக்கு விடுகிறவன். சங்கிலி இல்லாமல் மலையேறினால் அபராதம் என்பதால், அடிவாரத்தில் அவன் கடை வாசலில் நிற்காமல் யாரும் பனிக்குப் போனதில்லை. அந்தக் கடையையும் மாடியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டையும் விற்றால்தான் மலைமேல் வீடு.

"ராத்திரி தூங்கினியா?" என்று கேட்டாள் லினெட்.

"தூங்கினேன்."

"பொய் சொல்லாதே. கட்டில் ஆடிக்கிட்டே இருந்தது."

"நீயும் தூங்கலன்னு சொல்லு" என்றான் கெல்வின். கேலியாகத்தான் சொன்னான். லினெட் குடிக்காத தேநீரைத் தொட்டியில் கொட்டினாள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இவர்களின் ஒரே மகள் டீகன் ஹாரோ மலையில் பனிச்சறுக்கின்போது மூன்றே முக்கால் மணிக்கு வழக்கமான பாதையை விட்டுவிட்டு, நிழலில் பனி இறுகிக் கிடந்த குறுக்குப் பள்ளத்தில் இறங்கினாள். விழுந்தாள். இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி இல்லை. அன்று காலை சாப்பாட்டு மேஜையில் கெல்வின் அவளை, "இறக்கத்தைக் கண்டா வளைஞ்சு வளைஞ்சு போறே, பயந்தாங்கொள்ளி" என்று சொல்லியிருந்தான். தன்னிடம் வீரத்தைக் காட்டத்தான் மகள் பள்ளத்தில் இறங்கினாள் என்று நம்பி, இரண்டு வருடமாக அவன் உருகிக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று மூன்றே முக்கால் மணிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்திலிருந்து லினெட் மகளுக்குப் போன் செய்தாள். "இதுதானே கடைசி ரன்? அஞ்சு நிமிஷத்துல வா. இல்லன்னா நான் கிளம்பிடுவேன், நீ பஸ் பிடிச்சுக்கோ" என்றாள்.

ஒரு தடவை சறுக்கி இறங்குவதுதான் ரன். ஹாரோ மலையில் அதற்குக் 'கடைசி' என்ற வார்த்தையை யாரும் சொல்லமாட்டார்கள். சறுக்குகிறவர்களை மேலே ஏற்றும் லிஃப்டை ஓட்டுகிறவனிலிருந்து முதல் நாள் பனியில் கால் வைக்கும் பொடிசு வரை, "இன்னும் ரெண்டு போவோம், ஒண்ணை விட்டுடுவோம்" என்பார்கள். சொன்னால் ஆகாது. லினெட் அந்த வார்த்தையைச் சொன்னதோடு நிற்காமல் அவசரமும் படுத்தினாள். இதைக் கணவனிடம் சொல்ல அவளுக்கு இதுவரை வாய் வரவில்லை.

எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். கடைக்கு அன்று விடுமுறைப் பலகை தொங்கியது. ஜூன் மாதம் பனிச் சீசன் திறக்கும் நீண்ட வார இறுதியில் கெல்வின் கடை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்து பேக்கரிக்காரி வெளியே வந்து நின்று பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் லினெட், பின்பக்கம் திறந்த அவர்களின் யூட் வண்டி முதல் வளைவைத் தாண்டியதும். "அந்த வீட்டு மண்ணு நமக்குச் சொந்தமாகாது. அரசாங்கக் குத்தகை. இன்னும் இருபத்திரண்டு குளிர்காலம்தான் பாக்கி. அப்புறம்?"

"அப்புறம் எனக்கு எண்பது தாண்டிடும். எனக்கு எதுக்கு மலை?"

"டீகனுக்கு நாப்பத்தாறு ஆகும்."

கெல்வின் கியரை மாற்றினான். பதில் இல்லாதபோது கியரை மாற்றுவது அவன் வழக்கம்.

ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் டீகனின் சிறிய நீலக் கார் ஏற்கெனவே நின்றது. வங்காரட்டா நகரத்தில் தனியாக ஃபிளாட் எடுத்து, ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுத்துப் பேசும் வேலை பார்க்கிறாள். கையாலேயே முடுக்கி, கையாலேயே பிரேக் போட்டு, அம்மா அப்பாவுக்கு முன்னால் மலை ஏறிவிட்டாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாஸேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா, சட்டையெல்லாம் பலமா இருக்கு. வீடு வாங்க வந்தியா, வீட்டைக் கட்டிக்க வந்தியா?"

"வாயைப் பாரு" என்றான் கெல்வின். அவன் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது.

வீடு நல்ல வீடுதான். குறை சொல்லக் கூடாது. மரத்தூண்களின் மேல் தூக்கிக் கட்டியது. பின்கதவைத் திறந்தால் சறுக்குப் பாதை. ஸ்கீயை மாட்டிக்கொண்டு கதவிலிருந்து நேராக இறங்கலாம், லிஃப்டில் ஏறி நேராகக் கதவுக்கே வரலாம். சமையலறை ஜன்னலில் மலை முழுக்கத் தெரியும். ஆனால் அந்தப் பின்கதவுக்கு ஆறு படி. முன்கதவுக்குப் பதினொன்று.

"பனி விழுந்தா படியே கிடையாது" என்றான் கெல்வின். இதை அவன் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "ஆறு படியும் மூடிடும். வராந்தா மட்டத்துக்குப் பனி வந்துடும். அவ நாற்காலியிலேர்ந்து உட்கார்ற ஸ்கீக்கு மாறிட்டு, யார் கையையும் பிடிக்காம அப்படியே போகலாம். நெனச்சுப் பாரு, லின்."

லினெட் நினைத்துப் பார்க்காத நாள் இல்லை. ஆனால் அன்று ஆறு படியும் பளிச்சென்று தெரிந்தன. படிக்கு நடுவில் புல் கூட முளைத்திருந்தது. மலையில் பனி என்று இருந்ததெல்லாம் இரவு முழுக்க இயந்திரம் பீய்ச்சியடித்த ஒரே ஒரு வெள்ளைப் பட்டைதான்.

"தூக்கட்டுமா?" என்று குனிந்தான் கெல்வின்.

"நாற்காலியைத் தூக்கு. என்னைத் தூக்க வேணாம்."

டீகன் நாற்காலியிலிருந்து முதல் படிக்கு இறங்கி, முதுகைக் கதவுப் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் ஊன்றி அடுத்த படிக்கு உடம்பைத் தூக்கினாள். கால்களைக் கையால் எடுத்து வைத்தாள். மறுபடி ஊன்றினாள். ஆறு படி. நாலாவது படியில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த தரகன் ஃபெர்கஸ் என்ன செய்வதென்று தெரியாமல் தன் பளபளப்பான ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். கெல்வின் நாற்காலியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தான். லினெட் மட்டும் ஆறு படியையும் பார்த்தாள். பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

வராந்தாத் தூணில் பழைய வீட்டுக்காரர் கத்தியால் கோடு கீறி வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் பனி எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அடையாளம், பக்கத்தில் வருடம். லினெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தாள்.

"கெல்வின், இங்க வா. போன வருஷம் மூணாவது படி வரைக்கும்தான் வந்திருக்கு. அதுக்கு முந்தின வருஷமும் அதேதான். கடந்த எட்டு வருஷத்துல மேல் படி வரைக்கும் ரெண்டே தடவை."

"இந்த வருஷம் நல்லா விழும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாரும்தான்."

"லிஃப்ட் டிக்கெட் விக்கிறவன் சொல்லியிருப்பான்."

"நீ முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கே" என்றான் கெல்வின். குரல் உயரவில்லை. "கடையை விக்க உனக்கு மனசில்ல. சொல்லிட்டுப் போயேன்."

"கடையைப் பத்திப் பேசலை."

"அப்ப எதைப் பத்திப் பேசுறே?"

லினெட் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். கெல்வின் ஃபெர்கஸைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய் உறைகிறதா என்று பார்க்க வீட்டுக்கு அடியில் போனான்.

ஸ்கீ பூட்ஸ் காயவைக்கும் சின்ன அறையில் அம்மாவும் மகளும் தனியாக இருந்தார்கள். டீகன் குளியலறைக் கதவுக்கு அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி இதுல நுழையாது" என்றாள். "இடிச்சுக் கட்டணும். அப்பா கட்டுவாரு. நான் கேட்டா மலையையே நகர்த்தி வெப்பாரு."

"உனக்கு இந்த வீடு வேணுமாடி?"

"நான் ஸ்கீ பண்ண வருவேம்மா. போன வருஷம் இருபது நாள் வந்தேன், இந்த வருஷம் நாப்பது நாள் வருவேன். குடியிருக்க வரமாட்டேன். அக்டோபர்ல பனி உருகினதும் ஆறு படிக்கு மேல நான் என்ன பண்ணப் போறேன்? கூண்டுக் கோழி மாதிரி எட்டிப் பார்த்துட்டு உட்காரணும்."

"அப்ப இதை அப்பாகிட்ட சொல்லேன்."

"ரெண்டு தடவை சொல்லிட்டேன். தலையை ஆட்டிட்டு, குளியலறைக்கு என்ன கலர் டைல்ஸ் வேணும்னு கேட்டாரு." டீகன் நாடாவைச் சுருட்டினாள். "அவருக்கு வேண்டியது வீடு இல்லம்மா. தண்டனை. பெருசா ஏதாவது குடுத்துட்டா சரியாப் போயிடும்னு நெனைக்கறாரு."

லினெட் சுவரோரம் இருந்த மரப்பலகையில் உட்கார்ந்தாள்.

"இதை நிறுத்த உன்னாலதான் முடியும்" என்றாள் டீகன்.

"என்னால எப்படி?"

டீகன் அம்மாவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை லினெட் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

"போனை எடுத்தது நான்தானே? எனக்கு மறந்துபோயிருக்கும்னு நெனச்சியா?"

அறையில் ஈரத்தோல் வாசனை அடித்தது. லினெட்டின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"ஏன் நீ அப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"உன்னைக் காப்பாத்தன்னு நெனைக்காதே. நீயே சொல்லுவேன்னு காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில சொல்லுவேன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம் நான் ஃபிளாட் பார்த்துட்டுப் போயிட்டேன்." டீகன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் கோபம் போன்ல பேசினதுக்கு இல்ல. பள்ளத்துல இறங்கறதுன்னு முடிவு பண்ணது நான். ஸ்கீ என் கால்ல இருந்தது. எனக்குக் கோபம் அதுக்கப்புறம் நடந்ததுக்கு."

லினெட் அழவில்லை. அழுதிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

குழாய், கூரை, கணக்கு என்று பகல் போய்விட்டது. மூன்றரை மணிக்கு ஃபெர்கஸ் சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்தான். வாங்குபவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்களும் அச்சாகியிருந்தன. கெல்வின் பேனாவை எடுத்து மூடியைத் திருகினான்.

"ஃபெர்கஸ், ஒரு பத்து நிமிஷம் வெளியே இருக்கீங்களா?" என்றாள் லினெட்.

"தாராளமா மேடம். ஆனா மணி..."

"மணி எனக்குத் தெரியும்."

ஃபெர்கஸ் வெளியே போனான். அவன் ஷூ ஈரப்படியில் வழுக்கி, அவன் கைப்பிடியைக் கட்டிக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

"என்ன லின்? மறுபடியும் கோடு எண்ணப் போறியா?"

"இல்ல. டீகன் விழுந்த அன்னிக்கு, மூணே முக்காலுக்கு, நான் அவளுக்குப் போன் பண்ணேன்."

கெல்வின் மனைவியைப் பார்த்தான். பிறகு மகளைப் பார்த்தான். டீகன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"சீக்கிரம் வான்னு. அஞ்சு நிமிஷத்துல வரலன்னா விட்டுட்டுப் போயிடுவேன்னு சொன்னேன். கடைசி ரன்தானேன்னு கேட்டேன்." அந்த வார்த்தை வந்தபோது அவள் குரல் இறங்கியது. "அதனாலதான் குறுக்கே வந்தா. நீ சொன்னதுக்காக இல்ல. நான் கூப்பிட்டதுக்காக."

"என்ன அவசரம் அன்னிக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் லினெட் இரண்டு வருடமாகப் பயந்தாள்.

"கிளப்புல கறித்தட்டு குலுக்கல். ஆறு மணிக்கு நான்தான் சீட்டு எடுக்கணும்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடிவாரத்து கிளப்பில் நடக்கும் குலுக்கல். பரிசு, ஒரு தட்டு ஆட்டுக்கறியும் சாஸேஜும். கெல்வின் திருகிய பேனா மூடியைத் திரும்பப் போட்டான். அவன் உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று மகளிடம் கேட்டான்.

"தெரியும்ப்பா."

"நான் உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னது?"

"எனக்கு அது ஞாபகமே இல்லப்பா. நீயா சொன்னப்புறம்தான் தெரியும். நீ தினம் ஒண்ணு சொல்லுவே, நான் எதைன்னு மனசுல வெச்சுக்கறது?"

ஆறுதலாகத்தான் சொன்னாள். கெல்வினுக்கு அது ஆறுதலாக இல்லை. எழுந்துபோய் ஜன்னலருகே நின்றான். வெள்ளைப் பட்டையில் நாலைந்து குழந்தைகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

"கெல்வின்" என்றாள் லினெட். "எதாவது சொல்லு. திட்டு."

"போன் பண்ணினதுக்கு நான் திட்டமாட்டேன், லின். யாரா இருந்தாலும் பண்ணியிருப்பாங்க. நானே பண்ணியிருப்பேன்."

அவளுக்கு ஒரு நொடி உயிர் வந்தது.

"ஆனா நான் ஒவ்வொரு தடவையும் 'என்னாலதான், என்னாலதான்'னு அழுதப்போ நீ என் முதுகைத் தடவிக் குடுத்தே. 'அப்படி நெனைக்காதே கெல்'னு சொன்னே. காபி போட்டுக் கொண்டாந்து குடுத்தே." அவன் திரும்பவில்லை. "அந்தக் கையை நெனச்சாதான் எனக்குத் தாங்கல."

"பயமா இருந்தது. நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு..."

"நான் எங்கயும் போகலையே. ரெண்டு வருஷமா உன் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

டீகன் சக்கரத்தை உருட்டி அப்பாவின் அருகே வந்தாள். "அப்பா, நாம வீட்டுக்குப் போவோம். இன்னிக்கு எதுலயும் கையெழுத்து வேணாம். கீழ போய் எதாவது சாப்பிடுவோம்."

"நீ இந்த வீட்டுல இருக்கமாட்டே. அதானே?"

"மாட்டேன்ப்பா. சொன்னேனே."

"சொன்னே. இப்பதான் காதுல விழுந்தது."

அவன் கதவைத் திறந்து ஃபெர்கஸைக் கூப்பிட்டான். போச்சு, வீடு கைவிட்டுப் போச்சு, நிம்மதி என்று லினெட் நினைத்தாள். கீழே போகிற வழியில் பேசலாம். ஒரு வாரம் முகம் கொடுக்கமாட்டான், ஒரு மாதம் கொடுக்கமாட்டான், பிறகு சரியாகிவிடும். முப்பத்தொரு வருடத்தில் சரியாகாதது எது?

கெல்வின் மேஜைக்கு முன் உட்கார்ந்து பேனாவை எடுத்தான். வாடகைக்கு எடுத்த சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கிறவர்களின் சீட்டை அவன் எப்போதும் ஒரே கோடாக, பிசிறில்லாமல் அடிப்பான். அதேபோல அடித்தான். அடிபட்டது லினெட்டின் பெயர்.

"அப்பா, என்ன பண்றே?"

"வீடு வாங்குறேன். உனக்காக இல்ல. எனக்கு இருக்க ஒரு இடம் வேணும்." கீழே தன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டான். "கடையில என் பாதி போதும்னு நெனைக்கறேன். மிச்சத்துக்கு பாங்குல கேப்பேன்."

"கெல்வின், ஆறு படி ஏறி நீ தனியா இங்க உட்கார்ந்து என்ன பண்ணுவே?" என்றாள் லினெட். அவளுக்கே அசட்டுத்தனமாகத்தான் பட்டது. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

ஃபெர்கஸ் காகிதத்தை எட்டிப் பார்த்தான். அவன் சின்னப் பையன் அல்ல, ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருக்க அவனுக்கு விருப்பமில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"ஸார், ஒரு சின்ன விஷயம். பேரை அடிச்சா, அடிச்ச இடத்துல ரெண்டு பேரும் சுருக்கொப்பம் போடணும். நீங்களும், மேடமும். அவங்க சம்மதிச்சாங்கன்னு இருக்கணும். இல்லன்னா செல்லாது."

கெல்வின் தன் சுருக்கொப்பத்தைப் போட்டான். காகிதத்தை லினெட்டின் பக்கம் திருப்பினான்.

லினெட் அந்தக் கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு அடியில் அவள் பெயர் இன்னும் நன்றாகப் படிக்க முடிந்தது.

"போடாதேம்மா" என்றாள் டீகன்.

"போடறேன்" என்றாள் லினெட். "நான் மறைச்சேன், நான்தான் போடணும். ஆனா கெல்வின், ஒண்ணே ஒண்ணு. என் முகத்தைப் பார்த்துட்டு அந்தப் பேனாவை என் கையில குடு."

கெல்வின் தலையை நிமிர்த்தவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்தான்.